டிசம்பர் வெயிலில் கிறிஸ்துமஸ்: பிரியாணி ட்ரேயும் அப்பாவின் நீர் மாத்திரையும்

மேற்கு சிட்னியில் ஜிபியாக, அதாவது குடும்ப டாக்டராக இருக்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் வருகிறவர்கள் எல்லாம் கேக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சுகர் ஏறிவிடுமா டாக்டர், ஒரு துண்டு சாப்பிடலாமா, ஒயின் ஒரு கிளாஸ் பரவாயில்லையா? சாப்பிடுங்கள். ஒரு துண்டு கேக்கால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போய் நான் பார்த்ததில்லை. இந்த சீசனில் ஆளைப் படுக்கவைப்பது வேறு. வெயிலில் ரொம்ப நேரம் இருந்துவிட்ட சாப்பாடு, மருந்து, அப்புறம் அப்பா அம்மா.

அப்பா அம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் ஊரிலிருந்து நிறையப் பேர் இப்போதுதான் வருகிறார்கள். "மெட்ராஸ் வெயிலையே பார்த்தவங்க நாங்க, இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று கேட்காத அப்பா அபூர்வம். ஆனால் அவர் விமானம் ஏறியது கத்திரி வெயிலிலிருந்து அல்ல, மார்கழியிலிருந்து. உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஊரில் பங்குனி, சித்திரை என்று படிப்படியாக ஏறுவதால் அது நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது, இங்கே வந்திறங்கிய மூன்றாம் நாளே 40 டிகிரியில் பேக்யார்டில் உட்கார வைத்தால் எப்படி? கடற்கரைப் பக்கம் இதமாக இருக்கும் நாளில்கூட நம் பக்கம் கொதிக்கும், கடல்காற்று இவ்வளவு தூரம் ஒழுங்காக வந்து சேராது. 2020 ஜனவரி 4 அன்று இந்தப் பக்கம் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. காற்று வேறு வறண்டிருக்கும். சட்டை நனைந்து முதுகில் ஒட்டுவதற்குள் வியர்வை காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது.

இதோடு மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ காலையில் நீர் மாத்திரை போட்டிருப்பார், போன இடத்தில் பாத்ரூம் எங்கே இருக்குமோ என்று தண்ணீரைக் குறைத்திருப்பார், சாப்பாடு முடிந்து நாற்காலியை விட்டு எழும்போது கண் இருட்டி விழுவார். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விடுமுறைக்கு முன் ஒருநாள் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு ஜிபியிடமோ பார்மசிஸ்டிடமோ கொண்டுபோய், கடும் வெயில் நாளில் என்ன செய்வது, வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்திவைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில சுகர் மாத்திரைகளுக்கு இந்த இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். இதயம் பலவீனமானவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்க வேண்டும், "நிறையக் குடிங்க" என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அவசர எண் 000-ஐக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஜூஸ் ஊற்ற வேண்டாம். இந்தியா, இலங்கையிலிருந்து விசிட்டர் விசாவில் வருபவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது என்பது தெரிந்ததுதான், இன்சூரன்ஸ் பேப்பர் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதையாவது தெரிந்து வைத்திருங்கள்.

சரி, பிரியாணிக்கு வருவோம். ஒரு மணிக்கு லஞ்ச் என்று சொல்லியிருப்பார்கள். அலுமினிய ட்ரே பன்னிரண்டுக்கே வந்து மேஜையில் உட்கார்ந்துவிடும், நம் ஆட்கள் வந்துசேர இரண்டரை ஆகும், ஐந்து மணிக்கு மிச்சத்தை டப்பாவில் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தனுப்புவார்கள். அந்த டப்பாதான் பிரச்சினை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் சாப்பாட்டில் கிருமி வேகமாகப் பெருகும். அப்படி வெளியே இருந்தது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், நாலு தாண்டினால் குப்பைதான். "சூடு பண்ணிக்கலாம்" என்பார்கள். சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா விட்டுவைக்கும் நஞ்சு சூட்டுக்கு அழியாது, மைக்ரோவேவ் அதை ஒன்றும் செய்யாது. பாதியை மட்டும் மேஜையில் வைத்து, மீதியைச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து முதலிலேயே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். ட்ரிங்க்ஸை எஸ்கியில் (ஐஸ் பெட்டியில்) ஐஸ் போட்டு வைத்தால் ஃபிரிட்ஜில் இடம் கிடைக்கும். கோக் வெளியே இருந்தால் கெட்டுப்போகாது, இறால் கெட்டுப்போகும்.

இன்சுலினைக் காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள், பத்து நிமிஷம் என்றாலும். குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாக்ஸிங் டே அன்று பீச்சுக்குப் போகிறவர்களுக்கு: சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் இடம் பெரும்பாலும் உள்ளே இழுக்கும் நீரோட்டம்தான், நீச்சல் தெரியாத நம்மவர்கள் பாதுகாப்பு என்று நினைத்துத் தேடிப்போய் நிற்பது அங்கேதான். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்துகொண்டு கையைத் தூக்குங்கள். ப்ளூபாட்டில் என்ற நீல ஜெல்லிமீன் மாதிரியான உயிரி கொட்டினால் கொடுக்கை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரை இருபது நிமிஷம் விடுங்கள், வினிகர் வேண்டாம். கறுப்புத் தோலுக்கு சன்ஸ்க்ரீன் எதற்கு என்று கேட்பவர்கள், வெயிலின் புற ஊதா அளவான யுவி 11 தாண்டிய நாளில் ஹார்பர் பாலத்துக்குக் கீழே காலையிலேயே இடம் பிடித்து நியூ இயர் வாணவேடிக்கைக்காக ராத்திரி வரை உட்கார்ந்தவர்களின் பின்கழுத்தைப் பார்க்க வேண்டும். தொப்பியோடு போங்கள். நிழலே கிடைக்காத இடம் என்றால் வயதானவர்கள் வீட்டில் டிவியில் பார்க்கட்டும்.

கடைசியாக, ஸ்கிரிப்ட், அதாவது மருந்துச் சீட்டு. கிறிஸ்துமஸுக்கும் நியூ இயருக்கும் நடுவில் பல கிளினிக்குகள் பூட்டியிருக்கும், தினமும் போடும் மாத்திரையை ஜனவரி பாதி வரைக்கும் இப்போதே வாங்கி வையுங்கள், ஆஸ்துமா பஃபரையும் (இன்ஹேலர்) குலுக்கிப் பார்த்துவிட்டு இருக்கிறது என்று நம்பாமல் புதிது ஒன்று வாங்குங்கள். எமர்ஜென்சிக்குப் போவதா, காலை வரை பொறுப்பதா என்று குழப்பமாக இருந்தால் 1800 022 222-இல் எந்த நேரமும் நர்ஸிடம் பேசலாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்றால் முதலில் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450-ஐக் கூப்பிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அவர்களே இணைத்துவிடுவார்கள். எங்கே வலிக்கிறது என்பதை அம்மாவே சொல்லட்டும்.