கட்டியின் ஓரத்தில் நிற்கும் டி செல்கள்

"அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில், கட்டியைச் சுற்றி நோய் எதிர்ப்பு செல்கள் நிறைய இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இது நல்லதா, கெட்டதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

பொதுவாக நல்லதுதான். ஆனால் 'சுற்றி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நோய் எதிர்ப்பு செல்களில் புற்றுசெல்லைக் கொல்லும் வகையான சிடி8 டி செல், தொலைவிலிருந்து யாரையும் கொல்லாது. புற்றுசெல்லோடு ஒட்டி நின்று, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே அனுப்பித்தான் பெரும்பாலும் அதைக் கொல்லும். ஒரு முடியின் தடிமன் அளவு தள்ளி நின்றாலும் வேலை நடக்காது.

இந்த இட விஷயத்தை எண்ணிக் காட்டியவர்கள் பாரிஸைச் சேர்ந்த ஜெரோம் காலோனும் அவருடைய சகாக்களும். பெருங்குடல் புற்றுநோய்க்காரர்களிடமிருந்து அறுவை செய்து எடுத்த கட்டிகளில் நடுப்பகுதியிலும் ஓரத்திலும் உள்ள டி செல்களைத் தனித்தனியாக எண்ணி, 2006இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். இரண்டு இடத்திலும் அடர்த்தியாக இருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். இரண்டு இடத்திலும் குறைவாக இருந்தவர்களின் நிலைமை, கட்டி அதிகம் பரவாதபோதுகூட, மோசமாக இருந்தது. பின்னர் பல நாடுகளில் 2,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தபோதும் இந்த முறை தாக்குப்பிடித்தது. அந்த முடிவுகள் 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன.

சரி, ஓரம் வரை வந்த செல் ஏன் உள்ளே போவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2012இல் பாரிஸிலேயே இன்னொரு குழு, நுரையீரல் கட்டிகளை மெல்லிய துண்டுகளாக வெட்டி, திசு உயிரோடு இருக்கும்போதே டி செல்களின் நடமாட்டத்தை நுண்ணோக்கியில் படம்பிடித்தது. கட்டிக்குள் புற்றுசெல்கள் திட்டுத்திட்டாக இருக்கும். திட்டுகளுக்கு இடையில் இணைப்புத் திசு, அதில் கொலாஜன் என்ற புரதத்தாலான நார்கள். டி செல்கள் அந்த நார்களையே வழியாகப் பிடித்துக்கொண்டு ஊர்கின்றன. நார்கள் தளர்வாக இருக்கும் இடத்தில் விறுவிறுவென்று நகர்கின்றன. ஆனால் புற்றுத்திட்டை நெருங்க நெருங்க நார்கள் நெருக்கமாகி, திட்டின் விளிம்புக்கு இணையாக, பானையைச் சுற்றிய கயிறு போலப் படுத்துக் கிடக்கின்றன. அந்த வழியில் போகும் செல் திட்டைச் சுற்றிச் சுற்றி வரும், உள்ளே திரும்பாது. அதன் வலுவில் குறை ஒன்றுமில்லை, வழிதான் அங்கே போகவில்லை. கொலாஜனைக் கரைக்கும் நொதியைத் துண்டின்மேல் விட்டதும் அதிக டி செல்கள் புற்றுசெல்களைத் தொட்டன!

அதனால்தான் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடிகளைப் புற்றுநோயாளிகளிடம் விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வெளியே எத்தனை செல்கள் கூடினாலும், உள்ளே போக முடியாவிட்டால் என்ன பயன்? அப்புறம் இன்னொன்று. இந்த ஆய்வுகளில் பல, மருத்துவமனைகள் மெழுகுக்கட்டிகளில் பதித்துப் பாதுகாத்த பழைய திசுக்களால்தான் நடந்தன. அந்தச் சேமிப்பறைகளுக்குப் பணம் ஒதுக்க யாரும் அவசரப்படுவதில்லை. ஒதுக்க வேண்டும்.

அந்த நார்வேலியைக் கட்டுவது, கட்டிக்குள் இருந்து இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். அவற்றைத் தூண்டும் முக்கியமான சமிக்ஞைகளில் ஒன்று டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம். 2018இல் எலிகளில் அதைத் தடுத்து, கூடவே இப்போது புழக்கத்தில் உள்ள ஒரு வகை இம்யூனோதெரபி மருந்தையும் (நோய் எதிர்ப்பு செல்களைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து) கொடுத்தபோது, டி செல்கள் கட்டியின் நடுவரை போய்ச் சேர்ந்தன, கட்டிகள் சுருங்கின. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் இதுவரை அந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

வாசகிக்கு: அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, அந்த செல்கள் ஓரத்தில் மட்டும் இருக்கின்றனவா, கட்டிக்குள்ளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பயாப்ஸி திசு வைத்த கண்ணாடி ஸ்லைடு பத்திரமாக இருக்கும், மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.