அயர்லாந்திலிருந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு உள்ள குடியுரிமை

1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் மூண்ட பெரும் பஞ்சத்தில், அயர்லாந்துத் தீவில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் கப்பலேறினார்கள். பஞ்சம் ஓய்ந்த பிறகும் வெளியேற்றம் ஓயவில்லை. 1950களில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் பேர், பெரும்பாலும் பிரிட்டனுக்கு, பிழைப்புத் தேடிப் போனார்கள். வெளிநாட்டில் பிறந்த வாரிசுகளைக் குடிமக்களாகப் பதியும் அயர்லாந்து அரசின் அயல்நாட்டுப் பிறப்புப் பதிவேட்டால் இன்று அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் இந்தப் பிற்காலத்தவரின் பேரப்பிள்ளைகளே.

1956ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, தாயோ தந்தையோ அயர்லாந்தில் பிறந்த அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால், பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும் பிறப்பிலேயே குடிமகன் ஆகிறது. அதற்குப் பதிவு தேவையில்லை, நேரடியாகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரும் வெளிநாட்டில் பிறந்து, தாத்தா பாட்டிகளில் ஒருவர் மட்டும் அங்கே பிறந்த குடிமகன் என்றால், பதிவேட்டில் பெயரைச் சேர்த்த பிறகே குடியுரிமை கிடைக்கும். இதற்கு, பிரிட்டனின் ஆளுகையில் உள்ள வட அயர்லாந்தில் பிறந்த தாத்தா பாட்டியும் கணக்கில் வருவர்.

குடும்பத்தில் வாழையடி வாழையாகச் சொல்லப்பட்டுவரும் ஊர்ப்பெயரும் கதையும் இங்கே சான்றாகா. தாத்தா அல்லது பாட்டி, பெற்றோர், விண்ணப்பதாரர் என மூன்று தலைமுறையின் பிறப்புச் சான்றிதழ்களையும், பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையும் மூல ஆவணங்களாகவே அனுப்ப வேண்டும். அயர்லாந்தில் பிறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1864இல் என்பதால், தாத்தா பாட்டியின் சான்றிதழ் பெரும்பாலும் அரசுப் பதிவகத்தில் கிடைத்துவிடும். அதற்கு முந்தைய தலைமுறைகளைத் தேடுவோருக்குத் திருச்சபைப் பதிவுகளே முக்கியத் துணை. 1922இல் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது அந்தக் குடும்பங்களுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

பதிவு பெற்றவர் அயர்லாந்துக் கடவுச்சீட்டு பெறலாம், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசித்து வேலை செய்யலாம். அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் மற்ற நாடு ஏற்கிறதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குப் பொதுவாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை.

கொள்ளுப் பேரப்பிள்ளைகளின் நிலைதான் கடினமானது. பதிவின் மூலம் வரும் குடியுரிமை பதிவான நாளிலிருந்தே செல்லும், பிறந்த நாளுக்குப் பின்னோக்கிச் செல்லாது. எனவே 1986ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த ஒருவர், தாம் பிறப்பதற்கு முன்பே தாயோ தந்தையோ பதிவு செய்திருந்தால் மட்டுமே இவ்வழியில் உரிமை கோர முடியும். ஒரே தாய்க்குப் பிறந்த அக்காவுக்கு உரிமை இல்லாமல், பதிவுக்குப் பின் பிறந்த தம்பிக்கு மட்டும் இருப்பதற்கும் இந்த விதி இடம் தருகிறது. வம்சம் ஒன்றாக இருக்கத் தேதி மட்டும் இருவரையும் பிரிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. பூர்வீகத்தை அங்கீகரிக்க 2011இல் தொடங்கிய அயர்லாந்து மரபுச் சான்றிதழும் 2015இல் நிறுத்தப்பட்டது. அது இருந்தபோதும் குடியுரிமை எதையும் தரவில்லை. ஆகவே குழந்தையை எதிர்பார்த்திருக்கும் தம்பதியர், தகுதியுள்ளவர் யாரோ அவருடைய பதிவைப் பேறுகாலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.