வில் வாங்குவதற்கு முன் பிரிவைத் தீர்மானியுங்கள்

அண்மையில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா தன் 13 வயது மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வில்வித்தைப் பயிற்சிக்கு வந்தார். பையனின் கையில் நீளமான பெட்டி. திறந்து பார்த்தால் வேட்டைக்குப் பாவிக்கிற கொம்பவுண்ட் வில், நுனிகளில் கப்பி பூட்டியது. கனடாவில் இருக்கிற மாமா அனுப்பியிருக்கிறார். "மிஸ், நல்ல விலை குடுத்து வாங்கினது. இதை வச்சே பழக்கிப் போட்டிக்கு விடுங்கோ" என்றார் அம்மா.

வில்லில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். இழுவிசை 60 முதல் 70 இறாத்தல். வில்வித்தையின் உலகச் சம்மேளனமான வேர்ல்ட் ஆர்ச்சரியின் விதிப்படி கொம்பவுண்ட் வில்லின் உச்ச இழுவிசை 60 இறாத்தலைத் தாண்டக்கூடாது. போட்டியை விடுங்கள், அந்தப் பிள்ளையால் அதைப் பாதிகூட இழுக்க முடியாது. வீம்புக்கு இழுத்தால் தோள்மூட்டுத்தான் போகும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு நான் 16, 18 இறாத்தலுக்கு மேல் கொடுப்பதில்லை. அதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வாங்குவதற்கு முன் யாராவது ஒருவர் அவரிடம் "பிள்ளை எந்தப் பிரிவில் எய்யப் போகிறது?" என்று கேட்டிருக்க வேண்டும்.

வில் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிற பெற்றோர் நிறையப் பேர். அப்படி இல்லை. நுனி முன்பக்கம் வளைந்த ரிகேர்வ், கப்பி வைத்த கொம்பவுண்ட், குறிபார்க்கும் கருவி இல்லாத பெயார்போ என்று பிரிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அனுமதித்த பொருள் இன்னொன்றில் குற்றம்.

1972இல் ஒலிம்பிக்கில் வில்வித்தை திரும்பச் சேர்ந்ததிலிருந்து 2024 பாரிஸ் வரை அங்கே எய்தது ரிகேர்வ் மட்டும்தான். 2028 லொஸ் ஏஞ்சலிஸில் கொம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் வருகிறது. அதனால்தான் இப்போது எல்லோரும் கொம்பவுண்ட் கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. கொம்பவுண்ட் பிரிவில் உருப்பெருக்கும் கண்ணாடி வைத்த சைட் (குறிபார்க்கும் கருவி), நாணில் பீப் (பார்க்கும் சிறு துளை), மட்டம் பார்க்கிற குமிழி, நாணைப் பிடித்து விடுகிற ரிலீஸ் எல்லாம் பாவிக்கலாம். வெளியரங்கில் தூரம் 50 மீற்றர், இலக்குத் தாள் 80 சென்ரிமீற்றர். ரிகேர்வில் தூரம் வளர்ந்தவர்களுக்கு 70 மீற்றர், தாள் 122 சென்ரிமீற்றர். சைட் உண்டு, ஆனால் அதில் கண்ணாடி வில்லையோ மட்டக் குமிழியோ இருக்கக்கூடாது. வில்லை ஆடாமல் வைக்கிற ஸ்டெபிலைசரும், முழுதாக இழுத்ததும் 'கிளிக்' என்று சத்தமிடுகிற கிளிக்கரும் பூட்டலாம். ரிலீஸ் கூடாது, விரலால்தான் இழுக்க வேண்டும்.

ரிகேர்வில் பலர் கவனிக்காமல் விடுவது நாணை. நாணின் நடுவில் நூல் சுற்றியிருப்போம். முழுதாக இழுத்து நிற்கும்போது அந்தச் சுற்று கண்ணுக்கு முன்னால் முடியக்கூடாது. முடிந்தால் அந்த விளிம்பையே குறிபார்க்கப் பாவிக்கலாம் என்பதுதான் காரணம். பிள்ளை வளர வளர இழுக்கும் நீளமும் முகத்தில் நாண் படும் இடமும் மாறும். போன வருஷம் சரியாக இருந்த நாண் இந்த வருஷம் பிழையாகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையை இழுத்து நிற்கச் சொல்லி நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

பெயார்போதான் என்னிடம் வருகிற பிள்ளைகளை அதிகம் அழவைத்த பிரிவு. சைட் இல்லை, ஸ்டெபிலைசர் இல்லை, கிளிக்கர் இல்லை, செலவு குறைவு என்று நம்பி வருகிறார்கள். வெறும் வில்தானே, இதில் என்ன விதி என்று நினைப்பு. உண்மையில் இதில்தான் விதி நுணுக்கம் கூட. நாணைக் கழற்றிய வில், பூட்டிய பொருட்களோடு, 12.2 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள்ளால் போக வேண்டும். எங்கள் களஞ்சிய அறைக் கதவில் பலகையில் வெட்டிய வளையம் ஒன்று தொங்குகிறது. ஒரு நாள் 15 வயதுப் பிள்ளை ஒருத்தி தன் வில்லை அதற்குள் விட்டாள். மேல் தண்டு போனது, கைபிடி போனது, கீழே புதிதாகப் பூட்டிய இரும்பு எடையில் வந்து டொக்கென்று நின்றது. திருப்பினாள், சரித்தாள், போகவில்லை. எடை பூட்டத் தடையில்லை. ஆனால் அதைக் கைபிடியின் கீழ்ப்பகுதியில் நேராகப் பூட்ட வேண்டும், நடுவில் கம்பியோ கோண இணைப்போ வைத்து நீட்டக்கூடாது. விற்றவர் "பெயார்போவுக்குத்தான்" என்று சொல்லிக் கொடுத்தாராம். நல்லவேளை, போட்டிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

அப்புறம், வில்லின் உட்பக்கத்தைப் பாருங்கள். அம்பு பக்கத்தால் கண் பார்க்கிற அந்த இடைவெளியில் குறிபார்க்க உதவுகிற கோடு, கீறல், வர்ணப் பட்டை எதுவும் இருக்கக்கூடாது. பலவர்ணக் கைபிடியில் அந்த இடத்து நிறம் குறிபார்க்க உதவும் என்றால் அதை ரேப்பால் மூட வேண்டும். விரலுறையும் அப்படித்தான். நாணில் விரலை இறக்கிப் பிடித்துத் தூரத்தைச் சரிசெய்வது பெயார்போவில் அனுமதித்த முறை. அதற்காக விரலுறையில் ஒரே அளவில், ஒரே நிறத்தில் தையலோ கோடோ இருக்கலாம். பெருவிரல் நகத்தால் தையலை எண்ணிக்கொண்டு போவார்கள், பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு தம்பி தையலுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 10, 18, 30 என்று தூரங்களைப் பேனையால் எழுதி வைத்திருந்தான். அது நினைவுக்குறிப்பு, கூடாது.

லோங்போ, அதாவது பழைய மாதிரி நீள வில், பெரும்பாலும் காட்டுவழிப் போட்டிகளுக்கும் விலங்கு உருவங்களை எய்கிற 3டி போட்டிகளுக்கும் உரியது. அதற்கு மர அம்பும் இயற்கை இறகும் வேண்டும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்தால் இப்போதைக்குப் போதும்.

அம்பு விஷயம் எல்லாப் பிரிவுக்கும் பொது. அம்புத் தண்டின் விட்டம் 9.3 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், முனை 9.4. உள்ளரங்கில் தடித்த அம்பு கோட்டைத் தொட்டுப் புள்ளி தரும் என்று இணையத்தில் 27ஆம் இலக்க அலுமினியம் வாங்குகிறார்கள். 27 என்றால் அங்குலத்தின் 64இல் 27 பங்கு, அதாவது 10.7 மில்லிமீற்றர். அந்தக் காசு வீண். ஒவ்வொரு அம்பிலும் பெயரோ முதலெழுத்தோ எழுத வேண்டும். ஒரு சுற்றில் எய்யும் அம்புகளின் இறகும் நொக்கும் (நாணில் பொருந்துகிற பின்முனை) ஒரே நிறம், ஒரே வடிவம். ஒரு இறகு பிய்ந்து கையில் கிடைத்த வேறு நிறத்தை ஒட்டினாலும் சிக்கல்.

மூக்குக்கண்ணாடி போடுகிற பிள்ளைகளுக்குத் தடை இல்லை. மற்றக் கண்ணை மறைக்க விரும்பினால் அந்தக் கண்ணாடியை முழுதாக மூட வேண்டும், நடுவில் சின்ன ஓட்டை விட்டு ஒட்டக்கூடாது.

பிழையான பொருளோடு எய்தது தெரியவந்தால் அதுவரை எடுத்த புள்ளிகளை இரத்துச் செய்ய நடுவருக்கு அதிகாரம் உண்டு. தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் பிள்ளையின் கண்ணீரை என்னால் பார்க்க முடியவில்லை. ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போட்டி அழைப்பிதழில் எந்தப் பிரிவு, எந்த விதி என்று முதலில் பாருங்கள். குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் வில்லைக் கொண்டு வாருங்கள். பூட்டப் போகும் எல்லாவற்றையும் பூட்டி, நாணைக் கழற்றி, எய்யப் போகிற அம்புகளையும் விரலுறையையும் ஒன்றுவிடாமல் எடுத்து வாருங்கள். பிள்ளையையும்தான், இழுத்து நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்.