மாதவிடாய் நின்றபின் தமனிகளில் நடப்பது என்ன?

மாதவிடாய் நிற்பதைக் கருப்பையோடு முடிந்துபோகும் செய்தியாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதன் தாக்கம் கழுத்து, மூளை, இதயம் என இரத்தம் பாயும் இடமெல்லாம் சென்று சேர்கிறது.

தமனியின் உட்சுவரில் ஒற்றைச் செல் கனத்தில் ஒரு மெல்லிய படலம் உண்டு. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அந்தச் செல்களின் ஏற்பிகளில் பொருந்தும்போது, அவை நைட்ரிக் ஆக்சைடு வாயுவைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. சில நொடிகளே நிலைக்கும் அவ்வாயு பக்கத்துத் தசை அடுக்கில் ஊடுருவி அதைத் தளர்த்துவதால், குழாய் விரிந்து இரத்தம் எளிதாகப் பாய்கிறது. ஈஸ்ட்ரோஜன் வற்றும்போது இந்தத் தளர்வு குறைந்து, தமனி விறைப்படையத் தொடங்குகிறது.

இதை, ஒலி அலைகளைக் கொண்டு இரத்த ஓட்டத்தின் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும் டாப்ளர் ஸ்கேன் திரையில் கண்ணாலேயே காணலாம். இதயம் சுருங்கும் கணத்தில் கோடு மலைமுகடுபோல் எழும்புகிறது. தமனி தளர்வாக இருந்தால், அடுத்த துடிப்பு வரும்வரை கோடு அடிமட்டத்தைத் தொடாமல் மெல்லச் சரிகிறது. மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பெண்ணின் கருப்பைத் தமனியிலோ, முகடு எழுந்தவுடன் கோடு செங்குத்தாக விழுந்து, துடிப்புகளுக்கு இடையில் ஓட்டமே இல்லாமல் போவதும் உண்டு. ஒரு துடிப்பின் உச்ச வேகத்துக்கும் இறுதி வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சராசரி வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே துடிப்புக் குறியீடு. எண் கூடினால் தடையும் கூடியிருக்கிறது என்று பொருள். மாதவிடாய் நின்ற காலம் நீள நீள மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனியில் இந்த எண் உயர்வதையும், ஈஸ்ட்ரோஜன் ஒட்டுப்பட்டை அதைக் குறைப்பதையும் 1991இல் லண்டன் ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கருப்பையைக் காக்க ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துத் தரப்படும் புரோஜெஸ்டோஜன் என்னும் இன்னொரு ஹார்மோனின் சில வகைகள் இந்தப் பலனை ஓரளவு குறைத்துவிடுகின்றன.

அப்படியானால் ஹார்மோன் சிகிச்சை இதயத்தைக் காக்க வேண்டுமே? 16,608 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2002இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது; இரு ஹார்மோன்களையும் மாத்திரையாக எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 7 பேர் கூடுதலாக இதய நோய்க்கும் 8 பேர் கூடுதலாகப் பக்கவாதத்துக்கும் ஆளானார்கள். அவர்களின் சராசரி வயது 63 என்பதைக் கவனிக்காமல், 50ஐத் தொட்ட பெண்களும் அஞ்சிச் சிகிச்சையைக் கைவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. கொழுப்புப் படிந்து தடித்த தமனியில் ஏற்பிகள் குறைந்துபோவதால், அங்கே ஈஸ்ட்ரோஜன் பழையபடி வேலை செய்வதில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்று 6 ஆண்டுகளுக்குள் சிகிச்சை தொடங்கியவர்களிடம் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது மெதுவானது. 10 ஆண்டுகள் கடந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குச் சென்று இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையில் அந்தச் சிக்கல் பெரிதும் இல்லை. ஆகவே, மருத்துவர் கடைசி மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்கும்போது, தமனி எந்த நிலையில் இருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுகிறார்.