ரீமிக்ஸைக் கேட்டுப் பாட்டுக் கற்காதீர்கள்

போட்டிக்குத் தயாராக வரும் பிள்ளைகளிடம் ஒரு பழைய இந்திப் பாட்டைப் பாடச் சொன்னால், பலரும் ரீமிக்ஸைத்தான் பாடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண் 'காண்ட்டா லகா' பாடினாள். யார் பாடியது என்று கேட்டால், வீடியோவில் ஆடியவர் பெயரைச் சொல்கிறாள். 1972இல் 'சமாதி' படத்துக்காக, ஆர்.டி.பர்மன் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு அது. அவள் கேட்டிருப்பது 2002இல் வந்த ரீமிக்ஸ். கூட வந்த அம்மா, "அதே பாட்டுதானே டீச்சர், பீட் மட்டும்தானே வேற?" என்றார்.

இல்லைங்க, அதே பாட்டு இல்லை. எத்தனை பெற்றோரிடம்தான் இதைச் சொல்வது!

'தேஜாப்' (1988) படத்தின் 'ஏக் தோ தீன்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க எண்ணிக்கை மட்டும் தெரிந்தவருக்கு அது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் ஆட்டப்பாட்டு. சரணத்துக்குள் போனால் ஜாவேத் அக்தர் ஒரு கதையே வைத்திருக்கிறார். 14ஆம் தேதி அவனிடமிருந்து தகவல் வருகிறது, 15ஆம் தேதி வருவேன் என்று. வரவில்லை. 16ஆம் தேதியும் அவள் பதினாறு அலங்காரமும் செய்துகொண்டு காத்திருக்கிறாள். லட்சுமிகாந்த் பியாரேலாலின் அந்தத் துள்ளல் மெட்டுக்குள் இந்த ஏக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறார் அல்கா யாக்னிக். அந்த எண்ணிக்கையை மட்டும் வெட்டி ஓடவிட்டால் காத்திருக்கிறவளையே காணோம். அதைக் கேட்டுக் கற்ற பிள்ளை எதை நினைத்துப் பாடும்?

குரலுக்கும் கெடுதல்தான். முர்கி (ஸ்வரங்களை வேகமாகச் சுழற்றும் அசைவு), மீண்ட் (இழைந்து நழுவுவது) எல்லாம் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இருப்பவை. சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளை அழுத்திப் போட்டால் முதலில் காணாமல் போவது அந்த வழிதான். இயந்திரம் தட்டையாக்கிய குரலைப் பார்த்துத் தொண்டையை இறுக்கிப் பழகிய பிள்ளைக்கு அதை மறக்க வைப்பதிலேயே மாதங்கள் போகின்றன.

"அனுமதி வாங்கித்தானே செய்கிறார்கள்" என்பார்கள். சரி, யாரிடம்? பெரும்பாலும் உரிமை இருப்பது இசை நிறுவனத்திடம். 2012 பதிப்புரிமைச் சட்டத்திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தது, நல்ல விஷயம். ஆனால் பங்கு கிடைப்பதும், 'செய்யலாமா?' என்று முன்கூட்டியே கேட்கப்படுவதும் ஒன்றா? 2020இல் 'மசக்கலி' பாட்டு ரீமிக்ஸாக மறுபடி வந்தபோது, அதன் இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மான், மூலத்துக்குப் பின்னால் இருநூறுக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்களும் 365 நாள் யோசனையும் இருந்ததை எடுத்துச் சொல்லி, அதையே கேளுங்கள் என்றார். எப்போதும் அளந்து பேசுகிறவர் அவர்.

பழைய பாட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூல வடிவம் கெடாமல் புதுச்சூழலில் தருவது நல்லதுதான் என்று லதா மங்கேஷ்கரே 2018இல் எழுதினார். மெட்டையும் வரிகளையும் முறுக்கிவிட்டு, படைத்தவர் பெயருக்குப் பதில் வேறு பெயர் போடுவதைத்தான் அவர் எதிர்த்தார்.

பெற்றோருக்கு: பாட்டைத் தேர்ந்தெடுக்குமுன் எந்தப் படம், எந்த ஆண்டு, யார் இசை என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. மூலத்தை முழுசாக, சரணங்களோடு, பிள்ளையை உட்காரவைத்துக் கேட்க விடுங்கள். கரோக்கி டிராக்கும் மூலத்துக்கானதுதானா என்று சரிபாருங்கள். அப்புறம் ரீமிக்ஸுக்கு ஆடட்டும், யார் வேண்டாம் என்றது?

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பப் படிவத்தில் மூலப் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என மூன்று கட்டங்கள் சேர்த்துவிடுங்கள். அந்தப் பெயர்களை மேடையிலும் வாசியுங்கள்.