ஜன்னல்: காத்து வர்ற வழிக்கு எத்தனை பேரு!

பஸ்ல ஏறினதும் என் கண்ணு தேடறது ஜன்னல் சீட்டைத்தான், கிடைக்கலன்னா அங்க உக்காந்திருக்கவர் எப்ப எறங்குவார்னு அவர் கையில இருக்கற டிக்கெட்டையே எட்டிப் பாத்துட்டு வர்ற ஆளு நான். ஒருநாள் அப்படி நின்னுட்டே 'சாளர இருக்கை'ன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். ம்ஹும், ஒட்டல.

ஜன்னல் நம்ம சொல்லு இல்ல. போர்த்துகீசுல ஜனெலா. 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு பக்கம் வந்து எறங்கினதுக்கு அப்புறம் கடலோரமா குடியேறினவங்க நம்மகிட்ட விட்டுட்டுப் போன சொல்லுல பாதி வீட்டுச் சாமான்தான், சாவி, அலமாரி, மேசைன்னு. இலங்கைல இன்னும் ஜாஸ்தி, கதிரை, பாண், துவாய்னு போகும், ஜன்னலையே யன்னல்னு எழுதுவாங்க. சிங்களத்துல ஜனேலய, வங்காளத்துல ஜானாலா, மலாய்ல ஜெண்டேலா. கோலாலம்பூர்ல ஒரு தமிழர் ஜன்னலைச் சாத்துன்னு சொல்றதும் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஜெண்டேலான்னு சொல்றதும் ஒரே ஊர்ச் சரக்குதான்.

அந்த ஜனெலாவுக்கும் பின்னாடி லத்தீன் இருக்கு. அங்க ஜானுவான்னா கதவு, அதோட சின்ன வடிவம் இது, அதாவது குட்டிக் கதவு. (வாசல் சாமி ஜானுஸும் அவர் பேர்ல வந்த ஜனவரியும் இதே குடும்பந்தான்.)

சரி, தமிழ்ல என்ன? சாளரம் எல்லாருக்கும் தெரியும், கம்ப்யூட்டர்ல கூட அதைத்தான் போடறாங்க. பலகணின்னா பல கண், ஓட்டை ஓட்டையா இருந்த பழைய ஜன்னலுக்குப் பொருத்தமான பேரு, இப்ப சிலர் அதை பால்கனிக்கு எடுத்துக்கிட்டாங்க. எனக்குப் பிடிச்சது காலதர். கால்னா காத்து, 'காற்று'ங்கற சொல்லே அதுலருந்து வந்ததுதான், அதர்னா வழி. காத்து வர்ற வழி, அவ்ளோதான். சிலப்பதிகாரத்துல புகார் நகரத்து மாளிகையைச் சொல்றப்ப 'மான்கண் காலதர்'னு வருது, மான் கண்ணு மாதிரி வடிவத்துல ஜன்னல்.

இங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. இங்கிலீஷ் 'விண்டோ' வந்தது நார்வே பக்கம் அந்தக் காலத்துல பேசின பழைய நார்ஸ் மொழியோட 'விந்த்அவ்கா'லருந்து, அர்த்தம் காத்தோட கண்ணு. பனிக்காட்டுல இருந்தவனும் காவிரி கடல்ல கலக்கற எடத்துல இருந்தவனும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமயே செவத்து ஓட்டையைப் பாத்து காத்து, கண்ணுன்னு யோசிச்சிருக்காங்க.

அதுக்காக பஸ்ல காலதர் சீட்டு கேக்க முடியாது, கால் நீட்ட எடம் கேக்கறோம்னு நெனப்பாங்க. ஜன்னல் நம்மாளாகி ரொம்ப நாளாச்சு, ஜன்னலோரம்னு சொன்னாலே மூஞ்சில காத்து அடிக்குது, அதைத் தொரத்த எனக்கு மனசில்ல. ஆனா காலதருக்குன்னே ஒரு வேலை காலியா இருக்கு. பாத்ரூம்ல மேல வைக்கற சின்ன ஓட்டை, அதுக்கு நாம சொல்ற பேரு வெண்டிலேட்டர், அதுவும் லத்தீன்ல காத்துங்கற சொல்லுலருந்து வந்ததுதான். வீட்டு வேலை நடந்தப்ப மேஸ்திரிகிட்ட "அண்ணே, அந்தக் காலதரை கொஞ்சம் பெருசா வைங்க"ன்னேன்.

"யாரு சார் அது, எலக்ட்ரீஷியனா?"ன்னார்.