100 ஜிபி வட்டு, 6 ஜிபி கோப்பு

விஎம் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் மெய்நிகர் கணினி) ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் 100 ஜிபி வட்டு தெரிகிறது. வெளியே, அதைத் தாங்கும் கணினியில், அந்த வட்டுக்கான கோப்பு 6 ஜிபி இடத்தைத்தான் பிடித்திருக்கிறது. இரண்டு கணக்குமே சரிதான்.

விஎம்மை இயக்கும் மென்பொருளான கியூஈஎம்யூ பயன்படுத்தும் கியூகவ்2 என்ற வட்டுக்கோப்பு வடிவம் வட்டை வழக்கமாக 64 கேபி துண்டுகளாக வகுத்துக்கொள்கிறது. எந்தத் துண்டு கோப்பில் எங்கே இருக்கிறது என்பதை இரண்டடுக்கு அட்டவணை சொல்லும். ஒரு பதிவுக்கு 8 பைட். ஆகவே 64 கேபி அட்டவணை ஒன்றில் 8192 பதிவுகள் அடங்கும். அது 512 எம்பி வட்டுக்கு வழிகாட்டும். விஎம் ஓரிடத்தில் முதன்முதலாக எழுதும்போதுதான் அதற்குக் கோப்பில் இடம் ஒதுக்கப்படும். எழுதாத இடத்தைப் படித்தால் சுழியமே வரும். வட்டின் உள்ளடக்கத்தை அப்படியே வைக்கும் ரா வடிவத்தில் இந்த அட்டவணை கிடையாது.

இப்படிப்பட்ட வட்டுகளை, விஎம்களை மேலாளும் மென்பொருளான லிப்விர்ட் 'ஸ்டோரேஜ் பூல்' என்ற தொகுப்பில் வைத்துக்கொள்கிறது. ஒரு கோப்புறை, எல்விஎம் தொகுதி (வட்டுகளை ஒன்றுசேர்த்துப் பங்கிடும் லினக்ஸ் வசதி), பிணையச் சேமிப்பகம் என எதுவும் பூலாகலாம். முழு வட்டையே பூலாகக் கொடுத்தால் ஒவ்வொரு வால்யூமும் (பூலில் உள்ள ஒரு விஎம் வட்டு) ஒரு பார்ட்டிஷன், அதாவது வட்டின் ஒரு பிரிவு, ஆகிவிடும். அப்போது பார்ட்டிஷன் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய எம்பிஆர் வடிவம் செக்டர் (வட்டின் மிகச்சிறிய அலகு) எண்ணை 32 பிட்டில் எழுதுவதால், 512 பைட் செக்டர் உள்ள வட்டில் 2 டிபியோடு அதன் எல்லை முடிந்துவிடும். முதன்மைப் பார்ட்டிஷனும் நான்குதான். பழைய இயங்குதளம் கட்டாயப்படுத்தினாலொழிய புதிய வடிவமான ஜிபிடியையே எடுங்கள்.

ஜிபிடியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தன் அட்டவணையின் நகலை வட்டின் கடைசியில் வைக்கிறது. விஎம்மின் வட்டை 100 ஜிபியிலிருந்து 200 ஆக்கினால் அந்த நகல் நடுவில் நின்றுவிடும். முதலில் அதைக் கடைசிக்கு நகர்த்தி, பிறகு பார்ட்டிஷனை நீட்டி, அதன்பின் கோப்பு முறைமையை விரிக்க வேண்டும். சுருக்கும்போது வரிசை தலைகீழ்: கோப்பு முறைமைதான் முதலில். இதை மாற்றிச் செய்தால் தரவு போய்விடும்.

விஎம்முக்குள் கோப்பை அழித்தாலும் வெளியே இடம் திரும்பாது. அழித்ததை விஎம் தன் குறிப்பில் மட்டுமே பதிகிறது. 'இந்த இடம் இனித் தேவையில்லை' என்று சொல்லும் டிஸ்கார்ட் கட்டளை கியூகவ்2 வரை இறங்கும்படி அமைத்தால்தான் துண்டுகள் விடுபடும். லினக்ஸ் விஎம்முக்குள் எஃப்எஸ்ட்ரிம் என்ற நிரல் அந்தக் கட்டளையை அனுப்பும்.

500 ஜிபி பூலில் 100 ஜிபி வட்டுகள் பத்தை வைக்க முடிவதால் இப்படி இடத்தை மீட்பதை அலட்சியம் செய்யக் கூடாது. பூல் நிரம்பினால், கியூஈஎம்யூ தன் இயல்பமைப்பில், இடமில்லாமல் எழுத முயலும் விஎம்மை அப்படியே நிறுத்திவைக்கும். பூலில் இடம் சேர்த்துவிட்டு லிப்விர்ட்டின் கட்டளையான விர்ஷ் ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.